முதலில் பந்து, பிறகு இலக்கம்

"ட்ராக்போலுக்கு எத்தனை வைக்கவேண்டும்?"

பழைய ஆர்கேட் விளையாட்டுகளில் ஆசை உள்ள யாரைச் சந்தித்தாலும் இந்தக் கேள்வி வரும். முப்பதா, ஐம்பதா, நூறா? ஒரு இலக்கத்தைச் சொன்னால் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நான் இலக்கம் சொல்வதில்லை. இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். பந்தைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்? யாருடைய கைக்கு வைக்கப் போகிறீர்கள்?

முதல் கேள்வியை என் சித்தப்பாவிடம் படித்தேன். இரண்டாவதை அவருடைய கையிடம் படித்தேன்.

உங்களில் பலர் ட்ராக்போலைத் தொட்டே இருக்க மாட்டீர்கள். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். மவுஸ் என்றால் மேசையில் நகர்த்துவோம். ட்ராக்போலில் எதையும் நகர்த்தத் தேவையில்லை. பலகையில் ஒரு வட்ட ஓட்டை, அதற்குள் ஒரு பந்து. பந்தின் மேற்பகுதி மட்டும் வெளியே தெரியும். உள்ளங்கையால் உருட்டினால், பந்து உருளும் பக்கம் திரையில் உள்ளது நகரும். ஆர்கேட் இயந்திரங்களில் 2.25 அங்குலம், 3 அங்குலம், 4.5 அங்குலம் என்று பல அளவுகளில் பந்துகள் வந்தன. 2.25 அங்குலம் என்பது பூல் விளையாடும் பந்தின் அதே அளவு.

இது விளையாட்டுக்காகப் பிறந்த பொருள் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல், பிரித்தானியக் கடற்படைக்காக ரால்ஃப் பெஞ்சமின் என்ற பொறியியலாளர் ரேடார் திரையில் புள்ளியை நகர்த்த இப்படி ஒரு பந்தை யோசித்தார். அது இரகசியமாகவே இருந்தது. 1952இல் நம் ரொறன்ரோவில், ஃபெரான்ரி கனடா நிறுவனத்தில், கனடியக் கடற்படைக்காக 'டேட்டார்' என்ற திட்டத்தில் வேலை செய்த டொம் க்ரான்ஸ்டன், ஃப்ரெட் லோங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் ஆகியோர் தாங்களாகவே ஒரு ட்ராக்போலைக் கட்டினார்கள். அதற்கு அவர்கள் போட்ட பந்து எது தெரியுமா? ஃபைவ் பின் போலிங் பந்து! அந்த விளையாட்டே 1909இல் ரொறன்ரோவில் தொடங்கியதுதான். கையடக்கமான பந்து, விரல் விடும் ஓட்டைகள் கிடையாது. பிறந்தநாள் விழாவுக்கு போலிங் போனபோது நீங்களும் அதைத் தூக்கியிருப்பீர்கள்.

பிறகு அது ஆர்கேட்டுக்கு வந்தது. அட்டாரி நிறுவனம் 1978இல் ஃபுட்போல் விளையாட்டில் போட்டது. 1980இல் டேவ் தியூரர் உருவாக்கிய 'மிசைல் கமாண்ட்', 1981இல் டோனா பெய்லியும் எட் லொக்கும் உருவாக்கிய 'சென்டிபீட்', 1984இல் மார்க் செர்னியின் 'மார்பிள் மேட்னஸ்', 1989இல் தொடங்கிய 'கோல்டன் டீ' கோல்ஃப் என்று வரிசையாக வந்தன. இதில் எங்கள் குடும்பக் கதை சென்டிபீட்டோடு.

கடையின் மூலையில்

சித்தப்பா 1980களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்தவர். தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். பால், பாண், சிகரெட், லொத்தர் சீட்டு. கடையின் மூலையில், ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு பழைய சென்டிபீட் இயந்திரம் நின்றது. அது கடைக்குச் சொந்தமில்லை. இயந்திரக்காரர் ஒருவர் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வருவார். பெட்டியைத் திறந்து 25 சதக் குத்திகளைக் கவுண்டரில் கொட்டி எண்ணுவார்கள். அவருக்குப் பாதி, கடைக்குப் பாதி.

பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா வேலையால் வரும்வரை நான் அங்கேதான். கவிழ்த்துப் போட்ட பால் பெட்டியில் இருந்து வீட்டுப்பாடம் செய்வேன். இரவு கடை பூட்டுமுன் சித்தப்பா இரண்டு வேலை கட்டாயம் செய்வார். ஒன்று, தரையைக் கூட்டுவது. மற்றது, அந்தப் பந்தை ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைப்பது. சிப்ஸ் தின்ற கை, ஐஸ்கிரீம் பட்ட கை என்று ஊர்ப்பட்ட கைகள் அதில் பட்டிருக்கும். "பந்து இறுகினால் பெடியள் மற்றக் கடைக்குப் போயிடுவங்கள்" என்பார்.

துடைத்த பிறகு ஒரே ஒரு ஆட்டம் விளையாடுவார். பதினான்கு மணித்தியாலம் நின்ற மனிதனுக்கு அதுதான் ஓய்வு. மேலிருந்து பூரான் காளான்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து இறங்கும். கீழே இவருடைய சின்னத் துப்பாக்கி. சித்தப்பாவின் கை பந்தில் அதிகம் படாது. ஒரு தட்டு, பிறகு கையைத் தூக்கிவிடுவார். பந்து தானாக உருண்டு போகும். திரும்ப ஒரு தொடுகை, அந்த இடத்தில் நிற்கும். நான் எட்டு வயதில் பார்த்த அந்தக் கை எனக்கு இப்போதும் ஞாபகம்.

கடை பிறகு கைமாறியது. இயந்திரம் எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது.

கை

சில வருடங்களுக்கு முன் சித்தப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் பார்க்கின்சன் என்றுதான் பயந்தோம். வைத்தியர் பார்த்துவிட்டு அது இல்லை, 'எசென்ஷல் ட்ரெமர்' என்றார். பார்க்கின்சனில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது நடுக்கம் தெரியும். இதில் கை மடியில் இருக்கும்போது அவ்வளவு தெரியாது. ஒரு கோப்பையைத் தூக்கப் போனால், கையெழுத்துப் போடப் போனால், அப்போதுதான் ஆடும். உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள்.

ஆனால் உயிரைத் தவிர வேறு பல விஷயங்கள் ஒரு மனிதனிடம் இருக்கின்றன. தேநீர் ஊற்றினால் பாதிக் கோப்பை போதும் என்பார். கலியாண வீட்டில் எல்லோரும் சாப்பிடும் நேரம் "நீங்கள் இருங்கோ, நான் கார்ப் பக்கம் போட்டு வாறன்" என்று எழும்பிவிடுவார். பிறகு கலியாண வீட்டுக்கே வருவதைக் குறைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளும் குறைந்தன.

போன பனிக்காலம் நான் ஒரு வீட்டு ஆர்கேட் பெட்டியைப் பாவித்த விலைக்கு வாங்கினேன். உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு ஒரு சின்னக் கணினியை வைத்தேன். அதில் 'மேம்' என்ற மென்பொருள். பழைய ஆர்கேட் இயந்திரங்களின் மின்சுற்றைக் கணினிக்குள் அப்படியே நடிக்கவைக்கும் மென்பொருள் அது. 1997இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கியது. பலகையில் ஒரு 3 அங்குல ட்ராக்போலைப் பூட்டினேன். பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றி விற்றது அது.

சித்தப்பாவின் பேரன், எனக்கு மருமகன், அவனுக்குப் பன்னிரண்டு வயது. முதல் நாளே மேம் அமைப்புக்குள் போய் உணர்திறனை 180 ஆக்கிவிட்டான். அவனுக்கு எல்லாமே வேகமாக இருக்கவேண்டும். அந்த ஞாயிறு சித்தப்பாவும் வந்திருந்தார். சென்டிபீட் சத்தம் கேட்டதும் தானாகவே எழும்பி வந்தார். பந்தில் கையை வைத்தார். துப்பாக்கி பேய் பிடித்ததுபோல இரண்டு பக்கமும் துடித்தது. மருமகன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. திரையில் நடந்ததைப் பார்த்துச் சிரித்தான். ஆனால் சித்தப்பா கையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எனக்கு உது சரிவராது தம்பி. நீங்கள் விளையாடுங்கோ."

போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிட்டார். சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தா. கலியாண வீடுகளைப் போல இந்த வீடும் போய்விடுமோ என்று எனக்கு அப்போது பயமாக இருந்தது.

அந்த இலக்கம் என்ன செய்கிறது?

அன்று இரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அதை உங்களுக்கும் காட்டுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் போதும்.

பந்தைத் தூக்கினால் அடியில் மூன்று தாங்கிகள் தெரியும். இரண்டு உருளைகள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. ஒன்று இடம் வலத்துக்கு, மற்றது மேல் கீழுக்கு. மூன்றாவது, பந்தைத் தாங்க மட்டும் இருக்கும் ஒரு சின்ன பெயாரிங். ஒவ்வொரு உருளையின் முனையிலும் ஓரமெல்லாம் வெட்டுப் போட்ட ஒரு தட்டு. தட்டின் ஒரு பக்கத்தில் ஒளி, மறு பக்கத்தில் இரண்டு உணரிகள். தட்டு சுழலும்போது ஒளி வெட்டி வெட்டித் தெரியும். அதை எண்ணினால் பந்து எவ்வளவு தூரம் உருண்டது என்று தெரியும். இரண்டு உணரிகளில் எது முதலில் ஒளியைக் காண்கிறது என்று பார்த்தால் எந்தப் பக்கம் உருண்டது என்று தெரியும். ஒரு வெட்டு கடந்து போகும்போது இரண்டு உணரிகளிலும் சேர்த்து நான்கு மாற்றங்கள் நடக்கும். எனவே ஒரு வெட்டுக்கு 4 எண்ணிக்கை.

இப்போது எடுத்துக்காட்டுக்குச் சில அளவுகள். பந்தின் விட்டம் 76 மி.மீ., உருளையின் விட்டம் 12 மி.மீ., தட்டில் 24 வெட்டுகள் என்று வைப்போம். பந்து ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை ஏறக்குறைய 6.33 சுற்றுச் சுற்றும். உருளையின் ஒரு சுற்றுக்கு 24 × 4 = 96. பெருக்கினால் பந்தின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 610 எண்ணிக்கை. அதே பந்தில் 72 வெட்டுத் தட்டு இருந்தால் இது மூன்று மடங்கு. நண்பர் வீட்டில் சரியாக இருந்த இலக்கம் உங்கள் வீட்டில் தலைதெறிக்க ஓடுவது இதனால்தான். இரண்டு பெட்டிகளிலும் '50' என்று எழுதியிருக்கும். அடியில் உள்ள பொருள் வேறு.

மேமில் உள்ள உணர்திறன் இலக்கம் வெறும் நூற்றுவீதம். 100 என்றால் வந்த எண்ணிக்கை அப்படியே போகும். 50 என்றால் பாதி. 200 என்றால் இரட்டிப்பு. விளையாட்டின் நடுவில் டாப் விசையை அழுத்தி, உள்ளீட்டு அமைப்புகளில் அனலொக் பகுதிக்குப் போனால் ட்ராக்போலின் இரு அச்சுகளுக்கும் தனித்தனியாக இது இருக்கும். விளையாட்டுக்கு விளையாட்டு தொடக்க இலக்கம் மாறும். அதே பக்கத்தில் விசையை அழுத்தினால் எவ்வளவு வேகம் என்று வேறு வரிகளும் இருக்கும். அவை விசைப்பலகையால் விளையாடுவோருக்கானவை. பந்து பூட்டியவர்கள் அதில் மினக்கெடத் தேவையில்லை.

சென்டிபீட்டின் திரை 240 புள்ளி அகலம். ஒரு காளான் 8 புள்ளி. ஒரு எண்ணிக்கைக்குத் துப்பாக்கி ஒரு புள்ளி நகர்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பந்தின் சுற்றளவு 239 மி.மீ. ஆகவே ஒரு மில்லிமீற்றர் உருண்டால் ஏறக்குறைய 2.55 எண்ணிக்கை.

சித்தப்பாவின் விரல் பந்தில் 3 மி.மீ. ஆடுகிறது என்று வையுங்கள். 180இல் அது திரையில் 14 புள்ளி, கிட்டத்தட்ட இரண்டு காளான் அகலம். 100இல் 8 புள்ளி, ஒரு காளான் அகலம். 30இல் 2 புள்ளிக்குக் கொஞ்சம் மேல். அது திரையில் தெரிந்தும் தெரியாமல் இருக்கும்.

அப்படியென்றால் 30 என்று போட்டுவிட்டால் முடிந்ததா? இல்லை. 30இல் திரையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகப் பந்தை 1.3 சுற்றுச் சுற்ற வேண்டும். 100இல் அரைச் சுற்றுக்கும் குறைவு போதும். பந்து இறுக்கமாக இருந்தால், அந்த 1.3 சுற்றையும் கையால் தள்ளித் தள்ளிப் போகவேண்டும். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு நோகும். நடுக்கத்தைக் குறைக்க வைத்த இலக்கமே கையைக் களைக்கப் பண்ணும். களைத்த கை இன்னும் நடுங்கும்.

பந்து தடையில்லாமல் உருண்டால் கதை வேறு. இந்தப் பந்து கால் கிலோவுக்கு மேல் நிறை. ஒரு தட்டுத் தட்டினால் தன் நிறையால் தானே உருண்டு போகும். கையை எடுத்துவிடலாம். கை பந்தில் இல்லாத நேரத்தில் நடுக்கம் திரைக்குப் போகாது! தொண்ணூறுகளில் சித்தப்பா விளையாடியது அப்படித்தான். ஒரு தட்டு, கையைத் தூக்கு, ஒரு தொடுகை. எனவே இலக்கத்தைக் குறைப்பதும் பந்தைச் சுத்தமாக்குவதும் இரண்டு வேலை அல்ல. ஒன்று இல்லாமல் மற்றது வேலை செய்யாது.

பந்தைக் கழற்றியவர்

அடுத்த ஞாயிறு சித்தப்பாவை நானே போய்க் கூட்டி வந்தேன். விளையாடக் கூப்பிடவில்லை. "அந்தப் பழைய ட்ராக்போலைத் திறக்கவேணும் சித்தப்பா. நீங்கள் தானே உதுகளைக் கன தரம் பார்த்தனீங்கள்" என்றேன். அது பொய் இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் அந்த அனுபவம் கிடையாது.

மருமகன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு வேறு பிரச்சினை. "மாமா, வேகமா சுத்தினா பின்னுக்குப் போகுது. மெஷின் பிழை" என்றான். பார்த்தேன். பலமாகச் சுழற்றினால் துப்பாக்கி எதிர்ப்பக்கம் துள்ளியது.

அதற்குக் காரணம் அவன் வைத்த 180. அந்தக் காலத்து இயந்திரங்கள் பந்தின் எண்ணிக்கையை மிகச் சிறிய இடத்தில் வைத்தன. 4 பிட் என்றால் 0 முதல் 15 வரை மட்டும். 15க்குப் பிறகு திரும்ப 0. விளையாட்டு சிறிது நேரத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்து, முன்பு இருந்ததற்கும் இப்போதுள்ளதற்கும் என்ன வித்தியாசம் என்று கணக்கிடும். இரண்டு பார்வைக்கு நடுவில் 9 எண்ணிக்கை முன்னால் போனால், 7 எண்ணிக்கை பின்னால் வந்ததுபோலவும் அது தெரியும். எது குறைவோ அதையே விளையாட்டு நம்பும். பழைய படங்களில் வண்டி முன்னால் ஓட, சக்கரம் பின்னால் சுற்றுவதுபோலத் தெரியுமே, அதேதான். கூடுதலான இலக்கம் வைத்தால் எண்ணிக்கை பெருகி இந்த எல்லையை எளிதில் தாண்டும்.

"அப்ப ஸ்பீட் கூட்டினா ஸ்லோ ஆகுதா?" என்றான். ஓம், அப்படியும் சொல்லலாம் என்றேன்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேல்தட்டின் ஆணிகளைக் கழற்றினோம். ஆணியைக் கழற்றுவது மருமகன். எதைக் கழற்றுவது என்று சொல்வது சித்தப்பா. பந்தைத் தூக்கியதும் சித்தப்பா குனிந்து பார்த்து, "பாத்தியே" என்றார். இரண்டு உருளைகளின் நடுவிலும் கறுப்பு வளையம். பல வருடக் கை அழுக்கு இறுகி ஒட்டியிருந்தது. அழுக்கு வளையம் ஒரு பக்கம் தடித்தால் உருளை சமமாகச் சுற்றாது. பந்து வழுக்கும். கையில் ஒரு தூரம், திரையில் இன்னொரு தூரம். இதை எந்த இலக்கத்தாலும் சரிசெய்ய முடியாது.

எப்படித் துடைப்பது என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். பந்தை இலேசான சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். உருளைகளைத் துணியில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். ஒட்டிய வளையத்தைக் கத்தியால் சுரண்டவேண்டாம், உருளையில் கீறு விழும். மரக் குச்சி அல்லது நகம் போதும். உணரிகளில் படிந்த தூசியைக் காற்றால் ஊதிவிடுங்கள். உருளைகளில் எண்ணெய் பூசவே கூடாது. எண்ணெய் தூசியைப் பிடிக்கும், பந்தும் வழுக்கும். பிறகு ஒவ்வொரு உருளையையும் விரலால் சுண்டிவிடுங்கள். நல்ல பெயாரிங் சத்தமில்லாமல் சுற்றி மெல்ல நிற்கும். கரகரவென்று சத்தம் வந்தால் பெயாரிங்கை மாற்றவேண்டும்.

சித்தப்பா தானே உருளையைச் சுண்டிப் பார்த்தார். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "உந்த மூலையில இருக்கிறது செத்துப்போச்சு. மாத்து" என்றார். அந்தச் சின்ன பெயாரிங்தான். புதிது ஒன்று போட்டோம்.

பந்தைத் திரும்ப வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. மருமகன் வாயைத் திறந்து பார்த்தான்.

இரண்டு இலக்கம்

அதற்குப் பிறகுதான் இலக்கத்துக்கு வந்தோம். முதலில் கணினியின் மவுஸ் அமைப்பில் வேகப்படுத்தலை நிறுத்தினேன். அது இருந்தால் மெல்ல உருட்டினால் ஒரு கணக்கு, வேகமாக உருட்டினால் இன்னொரு கணக்கு என்று சில அமைப்புகளில் குழப்பும். கைக்கு நம்பிக்கை வராது. பிறகு 100இல் தொடங்கி, பத்துப் பத்தாகக் குறைத்து, ஒவ்வொரு தரமும் சித்தப்பாவை உருட்டச் சொன்னேன். இரண்டு அச்சுக்கும் ஒரே இலக்கம். 60இல் "பரவாயில்லை" என்றார். 40இல் ஒன்றும் சொல்லாமல் விளையாடினார். 30இல் ஒரு முழு ஆட்டம் விளையாடி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். இலக்கம் கிடைத்துவிட்டது.

மருமகனுக்கு 30 பிடிக்கவில்லை. "இட்ஸ் சோ ஸ்லோ" என்றான். அவனுக்கும் இதேபோல் தேடினோம். 70இல் வந்து நின்றது. அதில் எவ்வளவு சுழற்றினாலும் அவன் துப்பாக்கி பின்னால் துள்ளவில்லை.

யாருடையதை வைப்பது? சண்டை பிடிக்கத் தேவையில்லை. மேம் தன் அமைப்புகளை ஒரு கோப்புறையில் எழுதி வைக்கும். எந்தக் கோப்புறை என்று தொடங்கும்போதே சொல்லலாம். இரண்டு கோப்புறை, முகப்பில் இரண்டு பொத்தான். ஒன்றில் 'அம்மப்பா', மற்றதில் 'நான்' என்று மருமகனே தமிழில் தட்டச்சுச் செய்தான். கால் மணித்தியால வேலை.

மிசைல் கமாண்ட்டும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. ஆறு நகரங்களின் மேல் ஏவுகணைகள் வந்து விழும், தடுக்கவேண்டும். அதற்கும் அவருடைய இலக்கத்தைத் தேடவா என்று கேட்டேன். "அந்தச் சத்தம் வேண்டாம்" என்றார். நான் மேலே கேட்கவில்லை. மருமகன் ஏன் என்று கேட்டான். ஒரு நாள் அவரே சொல்வார், அப்போது அவசரப்படுத்தாமல் கேள் என்று சொன்னேன்.

பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நடுக்கம் போகவில்லை. தேநீர் இன்னும் பாதிக் கோப்பைதான். போன மாதம் ஒரு கலியாணத்துக்கு வரவில்லை. மருமகனை அவர் வெல்வது நான்கு ஆட்டத்துக்கு ஒன்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். வந்ததும் முதலில் துணியை எடுத்துப் பந்தைத் துடைக்கிறார்.

உங்கள் வீட்டில்

நான் வேலையில் தினமும் கணினி அமைப்புகளோடு இருக்கிறேன். எங்கள் துறையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருவருக்கு ஒரு பொருள் சரிவரவில்லை என்றால், அவர் பழகவேண்டும் என்று சொல்லிவிடுவோம். 180இல் தடுமாறும் மனிதரைப் பார்த்து "உங்களுக்கு வராது" என்று நினைக்கிறோம். அந்த 180ஐ யாரோ ஒருவர் தன் கைக்கு வைத்தது என்பது மறந்துபோகிறது.

நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். அம்மம்மாவுக்கு போன் விளங்காது, அப்பப்பாவுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு தரம் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். மவுஸின் வேகத்தைக் குறைக்கலாம். இரட்டைச் சொடுக்கின் இடைவெளியைக் கூட்டலாம். போனில் அணுகல்தன்மை என்ற பகுதியில், நடுங்கும் விரல் தவறுதலாகத் தொட்டதைக் கணக்கில் எடுக்காதபடி வைக்கலாம். மேசையில் வைக்கும் ட்ராக்போல்களும் விற்கிறார்கள். பந்தை உருட்டி நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, பிறகு ஆறுதலாகச் சொடுக்கலாம். மவுஸில் அது கடினம், சொடுக்கும்போதே நகர்ந்துவிடும்.

ஆனால் நீங்களாக ஒரு இலக்கத்தை முடிவு செய்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் இருங்கள். முதலில் தூசியைத் துடையுங்கள். பத்துப் பத்தாகக் குறையுங்கள். "இது எப்பிடி?" என்று ஒவ்வொரு தரமும் கேளுங்கள். "பரவாயில்லை" என்று சொன்னால் நிறுத்தாதீர்கள். நம் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே பரவாயில்லை என்பார்கள். அவர்கள் உங்களை மறந்துவிட்டு அந்தப் பொருளோடு மினக்கெடத் தொடங்கும்வரை குறையுங்கள். அந்த இடத்தில் நிற்கும் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள்.